ஒற்றை மருந்து: உளப்பிறழ்வு மருத்துவத்தில் ஒரு பழைய நெறியின் பயணம்

யூனானி மருத்துவ நூல்களைப் பயில்வோர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் சொற்கள் இரண்டு: முஃப்ரத், முரக்கப். முன்னது தனிமருந்து, பின்னது பல சரக்குகள் சேர்ந்த கூட்டுமருந்து. இப்னு சீனா (980-1037) தம் 'அல்கானூன் பித்திப்' பெருநூலின் ஐந்து பாகங்களில் இரண்டாவதைத் தனிமருந்துகளுக்கும் ஐந்தாவதைக் கூட்டுமருந்துகளுக்கும் ஒதுக்கினார். அரண்மனைகள் விரும்பியது கூட்டுமருந்தையே. கிரேக்கரிடமிருந்து வந்த 'திர்யாக்' அறுபதுக்கும் மேற்பட்ட சரக்குகளைக் கொண்டது. அதன் விலையே அதற்குப் பெருமை சேர்த்தது. எனினும் இப்னு சீனாவுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக இருந்த அபூபக்ர் அல்ராஸி வேறொரு வழியைக் காட்டியிருந்தார். உணவால் தீரும் நோய்க்கு மருந்து வேண்டா, தனிமருந்தால் தீர்வதற்குக் கூட்டுமருந்து வேண்டா என்பது அவர் பெயரால் வழங்கிவரும் அறிவுரையின் சாரம்.

இந்தப் பழைய வேறுபாடு இன்று எங்கே உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், பலர் எதிர்பாராத ஓரிடத்தைக் காட்டலாம். பதினெட்டு, இருபது, இருபத்தைந்து வயதில் ஓர் இளைஞனுக்கோ இளம்பெண்ணுக்கோ முதன்முதலாக உளப்பிறழ்வு தோன்றுகிறது. ஆளில்லாத அறையில் குரல் கேட்கிறது, அண்டை வீட்டார் தன்னைப் பற்றிச் சதி செய்வதாக ஐயம் எழுகிறது, உறக்கம் போய்விடுகிறது, பேச்சு கோவை இழக்கிறது. இத்தகைய முதல் தாக்கத்துக்கு எத்தனை மருந்துகள் தரவேண்டும்? ஒன்று, அதுவும் குறைந்த அளவில் என்பதே இன்றைய மருத்துவ நெறி. உலக சுகாதார நிறுவனம் பொது மருத்துவர்களுக்காக வகுத்த வழிகாட்டியும், உளப்பிறழ்வைத் தணிக்கும் மருந்துகளில் ஒரு நேரத்தில் ஒன்றையே தருவதை வழக்கமாகக் கொள்ளச் சொல்கிறது. இந்நெறி உருவான வரலாற்றில் தில்லியும் கல்கத்தாவும் பாரிஸும் இடம்பெறுகின்றன. அதன் தர்க்கமோ இப்னு சீனாவிடமே உள்ளது.

மருந்தின் குணத்தைச் சோதனையால் அறிவதற்கு 'கானூன்' இரண்டாம் பாகத்தில் அவர் ஏழு நிபந்தனைகளை வகுத்தார். வெளியிலிருந்து ஏறிய வெப்பமோ குளிர்ச்சியோ இன்றி மருந்து தன் இயல்பில் இருக்கவேண்டும். சோதிக்கப்படும் நோய் ஒற்றை நோயாக இருக்கவேண்டும். இரு நோய்கள் பின்னிக்கிடந்தால் எது எதனால் தீர்ந்தது என்பது விளங்காது. மருந்தின் வலு நோயின் வலுவுக்கு ஏற்றதாக அமையவேண்டும். விளைவு எப்போது தோன்றுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். அவ்விளைவு எப்போதுமோ பெரும்பாலுமோ திரும்ப நிகழவேண்டும். ஒருமுறை நிகழ்ந்தது தற்செயலாகவும் இருக்கலாம். சோதனை மனித உடலில் நடக்கவேண்டும். சிங்கத்திலோ குதிரையிலோ கண்டது மனிதனுக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது. எதிரெதிர் நோய்களில் சோதிப்பதும் நிபந்தனைகளுள் ஒன்று. இவற்றை நவீன மருந்தாய்வின் முழு வடிவம் என்று கொண்டாடுவது நம் எழுத்தாளர் சிலரிடம் காணப்படும் மிகை. ஒப்பீட்டுக் குழுவோ புள்ளியியலோ அங்கு இல்லை. ஆயினும் ஒன்றைத் தனியே கொடுத்து, காலத்தோடு சேர்த்து நோக்கினால் மட்டுமே அதன் குணம் தெரியும் என்னும் அடிப்படை அங்குத் தெளிவாக உள்ளது.

மனநோயாளரிடம் இவ்வடிப்படை எவ்வளவு பின்பற்றப்பட்டது என்பது வேறு கேள்வி. பீமாரிஸ்தான்கள் இஸ்லாமிய நாகரிகத்தின் பெருமைக்குரிய அறநிலையங்கள் என்பதில் ஐயமில்லை. திமிஷ்கில் நூருத்தீன் 1154இல் நிறுவியது, கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பியது, ஹலபில் 1354இல் அர்கூன் கட்டியது, எதிர்னேயில் 1488இல் இரண்டாம் பாயஸீத் கட்டிமுடித்தது ஆகியவற்றில் புத்தி பேதலித்தவருக்கும் இடம் இருந்தது. வக்ஃபு வருவாயில் உணவும் மருந்தும் கிடைத்தன. ஆனால் 1183இல் கெய்ரோ வந்த பயணி இப்னு ஜுபைர், சுல்தான் ஸலாஹுத்தீனின் மருத்துவமனையில் பித்தர்களுக்கான அறைகளில் இரும்புக் கம்பிச் சாளரங்களையும் கண்டார். கலாவூனின் அதே மருத்துவமனையில் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கழுத்தில் சங்கிலியோடு கிடந்த நோயாளிகளைப் பற்றி ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் லேன் எழுதினார். இசையும் நீரூற்றும் பற்றிய செய்திகளை விரும்பி எடுத்தாளும் நாம் இவற்றையும் சேர்த்தே படிக்கவேண்டும். அக்காலத்தில் ஐரோப்பாவிலும் சங்கிலியே இருந்தது. காரணம் எளியது: உளப்பிறழ்வைத் தணிக்கும் உறுதியான மருந்து எவரிடமும் இருக்கவில்லை.

அல்லது, இருந்தது சோதிக்கப்படவில்லை எனலாம். பீகாரிலும் வங்கத்திலும் ஒரு செடியின் வேரைப் 'பைத்தியத்துக்கான மருந்து' என்றே மக்கள் அழைத்துவந்தனர். தமிழில் சர்ப்பகந்தி, யூனானியில் அஸ்ரோல், தாவரவியலில் ராவுல்ஃபியா. இந்தக் கடைசிப் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. லியோன்ஹார்ட் ராவுல்ஃப் என்பவர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர மருத்துவர். 1573 முதல் ஹலப், பக்தாத் வழியே பயணம் செய்து, மருந்துச் செடிகளைத் தேடியவர். அரபு மருத்துவ நூல்களில் படித்த செடிகளை அவை விளையும் மண்ணிலேயே காண விரும்பியவர். ஹலபில் மக்கள் பருகிய காப்பியைப் பற்றி ஐரோப்பியருக்கு முதலில் அச்சில் சொன்னவர்களில் அவரும் ஒருவர். சர்ப்பகந்தியை அவர் கண்டதே இல்லை. அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின் பிரெஞ்சுத் தாவரவியலார் ஒருவர் அவர் நினைவாக அச்செடியின் பேரினத்துக்கு அப்பெயரைச் சூட்டினார்.

அச்செடியை வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்த பெருமை சலீமுஸ்ஸமான் சித்தீகிக்கு (1897-1994) உரியது. அலிகரில் பயின்று, ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் 1927இல் முனைவர் பட்டம் பெற்ற அவரை, தில்லி திப்பியாக் கல்லூரியில் ஆய்வுப் பிரிவொன்றை அமைக்க அழைத்தவர் ஹகீம் அஜ்மல் கான். 1921இல் காந்தியடிகள் திறந்துவைத்த அக்கல்லூரி, யூனானியும் ஆயுர்வேதமும் ஒரே கூரையின் கீழ் நவீன அறிவியலின் சோதனைக்கு உட்படவேண்டும் என்ற ஹகீமின் கனவு. 1927 டிசம்பரில் ஹகீம் மறைந்தார். சித்தீகி பணியைத் தொடர்ந்தார். 1931இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்து, அவற்றுள் சிலவற்றுக்கு ஹகீமின் நினைவாக அஜ்மலின், அஜ்மலிசின், அஜ்மலினின் எனப் பெயரிட்டார். ஒரு முரக்கப் போலவே இயற்கை கலந்துவைத்திருந்த வேரை முஃப்ரத்துகளாகப் பிரித்த செயல் இது என்றால் மிகையாகாது. அவர் பிரித்தெடுத்தவற்றுள் அஜ்மலின் இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. மனநோய்க்கன்று, இதயத் துடிப்பின் ஒரு வகைக் கோளாற்றைக் கண்டறிவதற்கு.

அதே 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு மருத்துவர்கள் சர்ப்பகந்தி வேர்ப்பொடியைப் பித்தருக்கும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கும் கொடுத்துக் கண்ட பயனை வெளியிட்டனர். வெளியிட்டது இந்திய மருத்துவ இதழ் ஒன்றில். வெளிநாட்டார் அதைக் கவனிக்கவில்லை. இரத்த அழுத்தத்தில் அதன் பயனைப் பற்றி பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அவ்வேரின் மயக்கும் குணத்துக்குக் காரணமான ரிசர்பைனைப் பிரித்தனர். 1954இல் நியூயார்க்கின் ராக்லாண்ட் மாநில மருத்துவமனையில் நேதன் கிளைன் அதை உளப்பிறழ்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டதை அறிவித்தார். அம்மருந்து நீண்டநாள் நிலைக்கவில்லை. இரத்த அழுத்தத்தை மிகவும் தாழ்த்தியது. சிலரை ஆழ்ந்த சோர்வில் தள்ளுவதாகவும் அஞ்சினர். ஆனால் அது அறிவியலுக்கு விட்டுச்சென்றது பெரிது. ரிசர்பைன் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களை எல்-டோப்பா கொடுத்து எழச்செய்த ஸ்வீடன் அறிஞர் அர்விட் கார்ல்சன், டோப்பமீன் மூளையில் தனிப் பணியுடைய வேதிப்பொருள் என்பதை 1950களின் இறுதியில் நிறுவினார். 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

டோப்பமீனுக்கும் நம் பொருளுக்கும் உள்ள உறவு பாரிஸில் நிகழ்ந்ததைக் கொண்டு விளங்கும். 1950 டிசம்பரில் ரோன்-பூலாங்க் நிறுவனத்தில் உருவான குளோர்புரோமசினை, கடற்படை அறுவை மருத்துவர் ஆன்ரி லபோரி பிற மருந்துகளோடு கலந்து, அறுவைக்கு முன் நோயாளியை அமைதிப்படுத்தும் ஒரு கூட்டாகவே பயன்படுத்தினார். 1952 ஜனவரியில் வால்-த-கிராஸ் படைமருத்துவமனையில் கொந்தளிப்பில் இருந்த 24 வயது இளைஞருக்கு அதைக் கொடுத்தனர். அவர் தேறினார். ஆனால் குளோர்புரோமசினோடு பெத்திடினும் உறக்க மருந்தும் மின்அதிர்ச்சியும் சேர்ந்தே தரப்பட்டன. அவரைத் தேற்றியது எது? எவராலும் சொல்ல இயலாது.

சில மாதங்களில் அதே நகரத்தின் செந்தான் மருத்துவமனையில் ழான் திலேயும் பியர் தெனிகேரும் செய்தது மேலோட்டத்தில் மிகச் சிறியது: மற்றவற்றை நிறுத்திவிட்டுக் குளோர்புரோமசினை மட்டும் கொடுத்தனர். 38 நோயாளிகள், ஒரே மருந்து, நாள்தோறும் கவனித்துக் குறித்தல். அம்மருந்து உறங்கவைப்பதோடு நில்லாமல், குரல்களையும் சதி எண்ணங்களையும் மெல்லத் தணிக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. புதிய மூலக்கூறு ஏதும் அவர்கள் படைக்கவில்லை. தனியே கொடுத்ததுதான் கண்டுபிடிப்பு. அவர்கள் 'கானூன்' படித்திருந்தார்கள் என்று சொல்வதற்கு இடமில்லை. ஆயினும் இப்னு சீனாவின் நிபந்தனைகள் அங்கு நிறைவேறின.

இவ்வளவு தெளிவான தொடக்கம் இருந்தும், அடுத்த முப்பதாண்டுகள் மருத்துவம் எதிர்த்திசையில் நடந்தது. 1958இல் பெல்ஜியத்தில் உருவான ஹாலோபெரிடோல் பரவியபின், அளவைக் கூட்டினால் விரைவில் குணம் கிடைக்கும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. தசை இறுகி, கை நடுங்கி, முகம் மரத்துப்போன நோயாளிகளின் தோற்றம் மனநோயின் தோற்றம் என்றே மக்கள் மனத்தில் பதிந்தது. உண்மையில் அது மருந்தின் தோற்றம். அதைத் தணிக்க டிரைஹெக்ஸிஃபெனிடில் போன்ற இன்னொரு மாத்திரை சேர்ந்தது. அது வாயை வறட்டி, மலச்சிக்கலைத் தந்து, நினைவாற்றலையும் மங்கச்செய்தது. ஒன்றைத் தணிக்க ஒன்று எனச் சீட்டு நீண்டது.

இதை மாற்றியது மூளையைப் படம்பிடிக்கும் கருவி. டோரண்டோவில் ஷிதிஜ் கபூரும் உடன் ஆய்வாளர்களும் முதல் தாக்கத்துக்கு ஆளான 22 நோயாளிகளுக்கு ஹாலோபெரிடோலை மிகக் குறைந்த அளவில், 1 அல்லது 2.5 மில்லிகிராமில் தொடங்கி, மூளையில் டோப்பமீன் ஏற்பிகளில் எத்தனை பங்கு அடைபடுகிறது என்று அளந்தனர். 2000இல் வெளியான அம்முடிவின்படி, ஏறத்தாழ 65 விழுக்காடு அடைபட்டால் நோய் தணியத் தொடங்குகிறது. 78 விழுக்காட்டைத் தாண்டினால் தசை இறுக்கம் போன்ற தொல்லைகள் தோன்றுகின்றன. இடைப்பட்ட வழி குறுகலானது. அதனுள் நடக்கச் சிறிய அளவே போதும். முதல் தாக்கத்தில் உடல் மருந்துக்கு எளிதில் இணங்குகிறது. தொல்லைகளுக்கும் எளிதில் ஆளாகிறது. இரண்டாவது மருந்து பெரும்பாலும் அதே ஏற்பியையே நாடும். பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டுப் போடுவதால் வீட்டின் பாதுகாப்பு அவ்வளவாகக் கூடுவதில்லை. சாவிக்கொத்தின் சுமைதான் கூடும்.

ஒரே மருந்தால் எத்தனை பேர் தேறுகின்றனர் என்பதற்கும் இன்று விடை உண்டு. ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், மனச்சிதைவின் தொடக்க நிலையில் இருந்த 446 பேருக்கு அமிசல்பிரைடு என்னும் மருந்து மட்டும் தரப்பட்டது. நான்கு வாரங்களில் 250 பேர், அதாவது 56 விழுக்காட்டினர், அறிகுறிகள் அடங்கிய நிலையை எய்தினர். எய்தாதவரைப் பிரித்து, சிலருக்கு ஓலான்சபைனாக மாற்றியும் சிலருக்கு முதல் மருந்தையே நீட்டியும் மேலும் ஆறு வாரம் பார்த்தனர். இரு குழுவினரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் தேறினர். மருந்தை மாற்றியதால் தனிப் பயன் தெரியவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது கூடுதல் காலம் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. விளைவு தோன்றும் காலத்தைக் கவனி என்ற பழைய நிபந்தனையை மருத்துவரின் அவசரமும் குடும்பத்தின் பதற்றமும் சேர்ந்து மீறுவதே பல கூட்டுச் சீட்டுகளின் பிறப்பிடம். பத்து நாளில் குரல் நிற்கவில்லை என்று இரண்டாவது மருந்து சேர்கிறது; இருபதாம் நாளில் குரல் நிற்கிறது. இரண்டாவது மருந்துக்குப் புகழ் போய்ச்சேர, இரண்டும் ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன.

ஒரு மருந்து போதிய அளவில், போதிய வாரங்கள் தந்தும் பயனளிக்காவிடில் வேறொன்றுக்கு மாறுவதே முறை. மாறும் சில நாள்களில் இரண்டும் சேர்ந்திருப்பது தவிர்க்க இயலாதது. இரண்டும் தோற்றால் குளோசபைன் உண்டு. 1975இல் பின்லாந்தில் இரத்த வெள்ளணுக்கள் குன்றிச் சிலர் இறந்ததால் ஒதுக்கப்பட்டு, பிற மருந்துகளுக்கு இணங்காதவரிடம் அதன் தனிப்பயன் 1988இல் நிறுவப்பட்டபின் மீண்டுவந்த மருந்து அது. தவறாத இரத்தப் பரிசோதனையோடு மட்டுமே தரத்தக்கது.

எதிர்வாதத்தையும் சொல்லவேண்டும். 2019இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்று, 62,250 மனச்சிதைவு நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்து, குளோசபைனோடு அரிப்பிப்ரசோல் சேர்த்து உண்ட காலங்களில் மருத்துவமனைக்குத் திரும்புவது குறைந்திருந்தது என்றது. இது புறக்கணிக்கத்தக்கதன்று, ஒற்றை மருந்தை மாறா விதியாகக் கொள்வாரை எச்சரிப்பதும் ஆகும். ஆயினும் அது பதிவேடுகளைப் பார்த்த ஆய்வு. யாருக்கு எது என்று குலுக்கலில் பிரித்துத் தந்த சோதனையன்று. முதல் தாக்கத்தில் எதைக்கொண்டு தொடங்குவது என்ற கேள்விக்கு அது விடையாகாது. ஒன்றின் குணத்தை அந்த உடலில் அறிந்தபின் இன்னொன்றைச் சேர்ப்பது வேறு. அறியாமலே இரண்டைக் கொண்டு தொடங்குவது வேறு.

நம் ஊர்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் மருத்துவரிடம் தொடங்குவதில்லை. பிள்ளையின் பேச்சு மாறியதும் ஓதிப்பார்த்தல், தாயத்து, தர்காவில் தங்கல், சில வேளை 'நிக்காஹ் முடித்தால் சரியாகிவிடும்' என்ற உறவினரின் அறிவுரை எனக் காலம் கழிகிறது. இறைவனிடம் இறைஞ்சுவதும் மருந்துண்பதும் ஒன்றையொன்று விலக்குவன என்று நம் முன்னோர் கருதியதில்லை. அல்ராஸியின் மருத்துவமனையிலும் தொழுகை நடந்தது. தீங்கு காலத்தாழ்ச்சியில் உள்ளது. மருந்தின்றிக் கழியும் காலம் நீள நீள, பின்னர் தரும் மருந்துக்கு நோய் இணங்குவது குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகள் கண்ட ஒன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். இப்னு ஜுபைர் இரும்புக் கம்பிகளைக் கண்டு எட்டு நூற்றாண்டுகள் கடந்திருந்தன. இம்முறை மருந்து கடைகளில் இருந்தது. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வடிவிலும் தடைசெய்தது.

மருத்துவரிடம் போய்ச்சேர்ந்த பின்னும் இடர்கள் உண்டு. காலை, பகல், இரவு என்று பிரிந்த நான்கைந்து மாத்திரைகள் கொண்ட சீட்டை ஒரு குடும்பம் எத்தனை மாதம் தவறாமல் பின்பற்றும்? ரமளான் வந்தால் பகல் வேளை மாத்திரை நிற்கும். பின் சோர்வால் மற்றவையும் நிற்கும். நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் தந்துள்ள சலுகை அறியாததன்று. ஆயினும் தேறிவரும் இளைஞன் எல்லோரோடும் நோற்கவே விரும்புவான். இரவில் ஒருவேளை உண்ணும் ஒற்றை மருந்துக்கு அந்த இடையூறு குறைவு. எனினும் நோன்புக்கு முன்னரே மருத்துவரைக் கலந்துகொள்வது நன்று. நிறுத்துவதன் விலை பெரிது. 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதல் தாக்கத்திலிருந்து தேறியவர்களில் ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ 82 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியோருக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. தேறிய பின்னும் ஓரிரு ஆண்டுகளேனும் மருந்தைத் தொடரச் சொல்வது இதனால்தான். அத்தனை காலம் உண்ணவேண்டியதாயின் அது உண்ணத்தக்கதாக இருக்கவேண்டும்: உடல் பருக்கச் செய்யாமல், சர்க்கரையை ஏற்றாமல், படிப்பிலும் கடையிலும் உட்காரவிடாமல் உறக்கத்தில் ஆழ்த்தாமல். தொல்லை தோன்றினால் எதனால் என்று சுட்டிக்காட்ட இயலுவதும் ஒற்றை மருந்தில்தான்.

எனவே மருத்துவரிடம் சீட்டை நீட்டி, இவற்றுள் எது எதற்கு, எது எத்தனை நாளைக்கு என்று கேட்பது குடும்பத்தின் உரிமை. உறக்கத்துக்குச் சில நாள் தரும் மாத்திரை வேறு. உளப்பிறழ்வுக்கே இரண்டு மருந்து என்றால் காரணம் கேட்கலாம். கேட்பது அவமதிப்பாகாது, நல்ல மருத்துவர் அதை விரும்புவார். தாமாகவே ஒன்றை நிறுத்திவிடுவதுதான் கூடாதது.

சென்னையில் 1980களின் தொடக்கத்தில் முதல் தாக்கத்தோடு வந்த 90 மனச்சிதைவு நோயாளிகளை மருத்துவர் தாராவும் குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். பத்தாண்டு முடிவில் இடைவிடாத நோயில் கிடந்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களில் பலர் வேலைக்குப் போனார்கள், மணம் முடித்தார்கள், சிலருக்கு நோய் இடையிடையே வந்துபோயிற்று. அவர்களுக்கு வாய்த்தவை இன்றைய புதிய மருந்துகள் அல்ல. குளோர்புரோமசின் குடும்பத்தைச் சேர்ந்த பழைய, விலை மலிந்த மாத்திரைகள்தாம்.